எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புதிய வேட்டை வில்

சென்ற வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம், விடிந்தும் விடியாத வேளை. பரணில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பிறகு, 22 கஜத் தொலைவில் ஒரு மான் வந்து எனக்குப் பக்கவாட்டில் நின்றது. வில்லை உயர்த்தி நாணை இழுத்தேன். பாதி வரை வந்த நாண் அதற்கு மேல் நகரவில்லை. குளிரில் விறைத்திருந்த தோள் 68 பவுண்டு விசையை ஏற்க மறுத்தது. வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, உடம்பின் பலத்தையெல்லாம் திரட்டி ஒருவழியாக இழுத்து முடித்தபோது, மானின் இரண்டு காதுகளும் என் பக்கம் திரும்பியிருந்தன. மறு நொடி அங்கே புல் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அன்று எய்யவே இல்லையாதலால், வில்லை நொந்துகொண்டே பரணிலிருந்து இறங்கினேன்.

வில்லின்மீது குற்றமில்லை என்பது புது வில் தேடத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அதை வாங்கியபோது நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான்: நொடிக்கு 340 அடி. விளம்பரத் தாளில் வில்லின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த எண் பொய்யன்று. ஆனால் அது என்னைப் பற்றிய எண்ணும் அன்று. என்னுடையதுபோல இரு முனைகளிலும் சக்கரங்கள் உள்ள காம்பவுண்ட் வில்களின் வேகத்தை ஒப்பிடுவதற்கென்று வழக்கத்தில் உள்ள அளவுமுறைப்படி, 70 பவுண்டு இழுவிசையும் 30 அங்குல இழுநீளமும் (முழுதாக இழுத்த நாணுக்கும் வில்லுக்கும் இடையே உள்ள தூரம்) வைத்து, கிரெயின் என்னும் சிறு எடையலகில் வெறும் 350 எடையுள்ள அம்பைச் செலுத்தி எடுக்கப்படும் அளவு அது. என் கைகள் 30 அங்குல இழுநீளத்துக்கு உரியவை அல்ல. வேட்டைக்கு நான் வைத்திருக்கும் அம்போ, முனையையும் சேர்த்து 420 கிரெயின். வேகமானியின் முன் நின்று எய்து பார்த்தபோது அந்த 340 என்பது ஏறத்தாழ 290 ஆகச் சுருங்கியிருந்தது.

இழுநீளத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குப் பத்து அடி வேகம் குறையும் என்பது வில்லாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. அதற்குக் காரணமும் எளியது. நாண் அம்பைத் தள்ளிக்கொண்டு போகும் தூரம் குறைகிறது. தள்ளும் தூரம் குறைந்தால் அம்புக்குச் சேரும் ஆற்றலும் குறைகிறது. இந்தக் கணக்கை அறிந்திருந்ததுதான் என் பழைய தவறுக்கு வேர். சற்று நீளமாக வைத்துக்கொண்டால் வேகம் கூடுமே என்ற ஆசையில், எனக்குப் பொருந்தாத 28.5 அங்குல வில்லை வாங்கினேன். விற்றவர் அளந்துகூடப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அளப்பது ஒரு நிமிட வேலைதான். சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக விரித்து நின்று, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து 2.5 ஆல் வகுக்க வேண்டும். எனக்கு 68 அங்குலம், வகுத்தால் 27.2. ஆக, எட்டு ஆண்டுகளாக ஓர் அங்குலத்துக்கும் மேலான மிகை நீளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இழுநீளம் கூடிய வில் தன் அடையாளங்களை உடம்பிலேயே எழுதிவிடும். இழுத்த நாண் கன்னத்தைத் தாண்டிக் காதுக்குப் பின்னால் போய் நின்றது. அதைச் சமாளிக்க மேலுடம்பு பின்னோக்கிச் சாய்ந்தது. வில்லைப் பிடித்த கையின் முழங்கை நிமிர்ந்து பூட்டிக்கொண்டது. பூட்டிய முழங்கை நாணின் வழியில் நிற்கும். மாதத்துக்கு இரண்டு முறையாவது முன்கையின் உட்புறத்தில் நாண் அறைந்து, விரல் அகலத்துக்குச் சிவந்து தடித்த கோடு ஒன்று விழும். வேட்டை வில் என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்து, தடித்த கைக்காப்பு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

இம்முறை வில்லைப் பொருத்திக் கொடுத்தவர் பொறுமைசாலி. அவர் என்னைக் கண்களை மூடிக்கொண்டு இழுக்கச் சொன்னார். இழுத்து, இயல்பாகத் தாடையில் கையை ஊன்றிய பிறகு கண்ணைத் திறந்தால், குறி பார்ப்பதற்காக நாணில் பொருத்தியிருக்கும் பீப் எனப்படும் சிறு வளையம் நேராகக் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும். நாண் மூக்கு நுனியை மெல்லத் தொட வேண்டும். முதல் இரண்டு முறையும் நான் பழைய பழக்கத்தில் தலையை முன்னே நீட்டி நாணைத் தேடிப் போனேன். “நாண்தான் உங்கள் மூக்கைத் தேடி வர வேண்டும், மூக்கு நாணைத் தேடிப் போகக் கூடாது” என்றார். 27 அங்குலத்தில் வைத்தபோது அது தானாகவே வந்து தொட்டது. அளவை மாற்ற வில்லைப் பிரிக்கவும் வேண்டியிருக்கவில்லை. இப்போதைய வில்கள் பலவற்றில் கேம் சக்கரத்தின்மேல் உள்ள சிறு தகட்டின் திருகுகளைத் தளர்த்தி, இடம் மாற்றி முடுக்கினால் போதும். சில வகைகளில் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித் தகடு வாங்க வேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது இழுவிசை. இதில் ஆண்களுக்கு ஒரு வீண் கௌரவம் உண்டு, எனக்கும் இருந்தது. எழுபதை இழுப்பவன், அறுபது இழுப்பவனைச் சற்றுக் குனிந்துதான் பார்ப்பான். ஆனால் கடையில் நின்றுகொண்டு, உடம்பு சூடாக இருக்கும்போது, மெல்லிய சட்டையோடு இழுப்பது வேறு. பரணில் கனத்த மேலாடையோடு உட்கார்ந்து இழுப்பது வேறு. ஆகவே நான் வேட்டைக்குப் போடும் மேலாடையைப் பையில் எடுத்துப்போய், அதை அணிந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரு கால்களையும் தரையிலிருந்து சற்றுத் தூக்கிக்கொண்டு, வில்லைக் குறியின் நேரிலேயே வைத்து இழுத்துப் பார்த்தேன். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். 68 பவுண்டில் வில் மேலே ஏறியது. 65இல் பற்களைக் கடித்துக்கொண்டு முடித்தேன். 60இல், பேசிக்கொண்டே இழுக்க முடிந்தது. அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

அறுபது பவுண்டு போதுமா என்ற கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். அம்பின் எடையைக் கிரெயினில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240 ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். 27 அங்குலத்தில், 60 பவுண்டில், புதிய வில் என் 420 கிரெயின் அம்பை நொடிக்கு 260 அடி வேகத்தில் விடுகிறது. ஆற்றல் 63 அடி-பவுண்டு. அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை, மானுக்கு 25 முதல் 41 வரையும், எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு 42 முதல் 65 வரையும் போதும் என்கிறது. என் தேவைக்கு மிச்சமே இருக்கிறது. குறைந்தபட்ச இழுவிசை இவ்வளவு இருக்க வேண்டும் என்று சட்டமே வகுத்திருக்கும் இடங்களும் உண்டு. எங்கே வேட்டையாடப் போகிறோமோ அங்குள்ள விதியை வில் வாங்கும் முன்பே படித்துவிட வேண்டும்.

பழைய வில்லைவிட நொடிக்கு 30 அடி குறைவுதானே என்று மனம் முதலில் அடித்துக்கொண்டது உண்மை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 25 கஜம் என்பது 75 அடி. 290 அடி வேகத்தில் அம்பு போய்ச் சேர 0.26 நொடி, 260 அடி வேகத்தில் 0.29 நொடி. நாண் விடுபடும் ஒலியோ நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி வேகத்தில் பாய்ந்து, 0.07 நொடியில் மானின் காதை எட்டிவிடுகிறது. எந்த வில்லானாலும் அம்பைவிட ஒலிதான் முந்தும். அந்த இடைவெளியில் மான் உடலைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும். 0.03 நொடியை மிச்சப்படுத்துவதைவிட, அந்த ஒலியையே சிறியதாக்குவது மேல் என்று எனக்குத் தோன்றியது. அம்பு எடுத்துச் செல்லாத ஆற்றல்தான் வில்லில் அதிர்வாகவும் ஓசையாகவும் எஞ்சுகிறது. கனத்த அம்பு கூடுதல் ஆற்றலை எடுத்துச் செல்வதால் வில் அடங்கிப் பேசும். மூன்று வில்களை ஒரே அம்பால் எய்து, நண்பர் ஒருவரைப் பாதுகாப்பான ஒரு தடுப்புக்குப் பின்னால், குறிப்பலகையின் பக்கம் நிற்க வைத்துக் கேட்கச் சொன்னேன். எய்பவன் காதில் விழுவதும் எதிரே நிற்பவர் காதில் விழுவதும் ஒன்றல்ல. மூன்றிலும் வேகமான வில்லைத்தான் அவர் முதலில் தள்ளுபடி செய்தார்.

வேகம் குறைந்ததால் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். அம்பின் பாதை கூடுதலாக வளையும். 40 கஜத்துக்கு அப்பால் தூரத்தை மூன்று கஜம் தவறாக மதிப்பிட்டால் அம்பு விழும் இடம் நன்றாகவே மாறும். நான் 30 கஜத்துக்கு மேல் எய்வதில்லை என்பதாலும், தூரமானியைக் கழுத்திலேயே தொங்கவிட்டிருப்பதாலும் அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன். திறந்த வெளியில் நெடுந்தூரம் எய்பவர் இதில் வேறு முடிவுக்கு வரக்கூடும்.

காம்பவுண்ட் வில்லின் உயிர் அதன் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அந்த எண்ணமே, இழுக்க இழுக்கக் கனக்கும் வில்லை, இழுத்து முடித்ததும் இலேசாகிவிடும் வில்லாக மாற்றியது. 80 விழுக்காடு தளர்வுள்ள 60 பவுண்டு வில்லை முழுவதும் இழுத்தபின், கை தாங்கிப் பிடிப்பது 12 பவுண்டு மட்டுமே. இப்போது 90 விழுக்காடு வரை தளர்வு கிடைக்கிறது. 6 பவுண்டுதான் தாங்க வேண்டும். கேட்க இனிமையாக இருந்தாலும், எய்து பார்த்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. கையில் இழுவை அறவே இல்லாததுபோல் இருந்ததால் குறி மிதந்தது. 85இல் நின்றுகொண்டேன். வேகத்துக்காகவே செதுக்கிய சக்கரங்களில் இன்னொரு தொல்லை: தளர்ந்த நிலையில் ஓர் அரை அங்குலம் கையை முன்னே விட்டாலும், வில் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். மான் நகரும்வரை ஒரு நிமிடம் இழுத்த நாணோடு காத்திருக்க நேரும் வேட்டைக்காரனுக்கு அது ஆகாது.

நீளத்தைப் பொறுத்தவரை, சக்கர அச்சிலிருந்து சக்கர அச்சுவரை 28 அங்குலம் உள்ள குட்டை வில் பரணிலும் புதரிலும் வசதியானது. 33 அங்குல வில் கையில் அமைதியாக நிற்கிறது. குட்டை வில்லில் நாண் மடங்கும் கோணம் கூர்மையாவதால், மூக்கைத் தொடுவதற்கே தலையை வளைக்க வேண்டியிருக்கும். நான் 31 அங்குலத்தைத் தேர்ந்தேன். இழுக்காத நிலையில், வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆறு அங்குலத்தில் வேகம் கூடும், ஆனால் அம்பு நாணோடு நெடுநேரம் ஒட்டியிருப்பதால் கையின் சிறு பிசகும் அம்பில் தெரியும். நிறத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மான் அதைப் பார்க்கும் தூரத்தில் நான் ஏற்கெனவே அசைந்திருப்பேன்.

இடையில், ஒருவர் பயன்படுத்திய வில் ஒன்றையும் பார்க்கப் போனேன். பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்து, லிம்ப் எனப்படும் வளையும் தண்டுகளில் மேலுள்ளதன் விளிம்பு நெடுக மெல்ல உருட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் நான்கைந்து பஞ்சு இழைகள் சிக்கிக்கொண்டு நின்றன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நகத்தால் தடவியபோது மயிரிழை போன்ற சிலாம்பு தட்டுப்பட்டது. அம்பில்லாமல் ஒரு முறை நாணை விட்டிருந்தாலும் இப்படி நேரலாம். விற்க வந்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

புது வில்லோடு வந்த துணைக்கருவிகளில் அம்பு தாங்கியையும், நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸையும் மட்டும் மாற்றினேன். எல்லாவற்றையும் பொருத்தி, அம்புக்கூட்டையும் மாட்டி எடை போட்டால் ஏழு பவுண்டை நெருங்குகிறது. விளம்பரத்தில் நான்கு பவுண்டு என்று போட்டிருப்பது வெறும் வில்லின் எடை.

இரண்டாவது வாரம், நூற்றைம்பது அம்புகள்போல எய்த பிறகு, இழுத்தபோது பீப் வளையம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. புது நாணின் இழைகள் நீண்டு இடம்பிடிக்கும்போது அப்படி ஆவது இயல்புதான். எடுத்துப்போனதும், அதே பொறுமைசாலி வில்லை அழுத்துப்பொறியில் ஏற்றி, நாணின் ஒரு முனையைக் கழற்றி, அரைச் சுற்று முறுக்கி மாட்டினார். இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் நின்று முட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார். பருவம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தினமும் மாலையில் அந்தக் கனத்த மேலாடையை வியர்க்க வியர்க்க மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி இருபது அம்புகள் எய்கிறேன். கைக்காப்பைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.