வெளிச்சம் படாத 6,500 படங்கள்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஸ்பால்டிங் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. சுமார் 6,500 ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள். அதில் ஒன்றைக்கூடக் காட்சிக்கு வைக்கக் கூடாது. 1921-ல் இதைக் கொடுத்த வில்லியம், ஜான் ஸ்பால்டிங் என்ற சகோதரர்கள் போட்ட நிபந்தனை அது.

யாரும் பார்க்க முடியாத படம் எதற்கு என்று என் தோழி கேட்டாள். ஊரில் அச்சகத்தில் கலர் ப்ரூஃப் பார்க்கும் வேலை செய்தவள் நான். எனக்கு அந்த நிபந்தனை நூற்றுக்கு நூறு சரி.

கடை வாசலில் வருடக்கணக்காகத் தொங்கும் சாமி காலண்டரைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் பறந்துபோய் முகமெல்லாம் நீலம் பாய்ந்து நிற்கும். பழைய ஜப்பானியப் படங்களில் இது தலைகீழ். அங்கே முதலில் போவது நீலம். 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் அந்த நீலத்தை ஒரு பூவின் இதழ்களிலிருந்து எடுத்தார்கள். நம் வயலோரக் கானாவாழைக்குச் சொந்தக்காரச் செடி அது. வெளிச்சமும் ஆகாது, ஈரமும் ஆகாது. குசும்பப் பூவிலிருந்து வந்த சிவப்பும் வெளிச்சத்தில் வெளுக்கும். இந்த இரண்டையும் கலந்துதான் ஊதா பிடித்தார்கள் என்றால் ஊதாவின் கதி என்னவாகும்? பல அருங்காட்சியகங்களில் பழுப்பாகத் தெரியும் கிமோனோக்களில் எத்தனையோ முதலில் ஊதாவாக இருந்தவை.

ஸ்பால்டிங் படங்களை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஹருநோபு என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியரின் படம் ஒன்றைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். அந்த ஊதா அப்படியே இருக்கிறது! 1765 வாக்கில்தான் இந்த முழு வண்ண அச்சு தொடங்கியது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை. கட்டையின் மூலையில் 'ட' மாதிரி ஒரு வெட்டு, பக்கவாட்டில் நேராக இன்னொன்று. காகிதத்தை அந்த இரண்டிலும் முட்டக் கொடுத்து வைத்தால், நிறத்தின் மேல் நிறம் சரியாக உட்காரும். கழுத்தோரக் கோட்டில் நிறம் ஒரு இழைகூட வெளியே வழியவில்லை. மெஷினில் ரெஜிஸ்டர் சேர, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ, நாங்கள் எத்தனை தாள் வீணாக்கியிருக்கிறோம்! அவர்கள் கையால் தேய்த்தே இதைச் செய்தார்கள்.

ஸ்பால்டிங் சகோதரர்களுக்காக 1913-ல் ஜப்பானில் இந்தப் படங்களைத் தேடி வாங்கியவர் ஃபிராங்க் லாயிட் ரைட். ஆமாம், கட்டடக் கலைஞர் ரைட்தான்.

ஆனால் பாஸ்டன் அருங்காட்சியகத்தின் ஜப்பானியத் தொகுப்பு அவரோடு தொடங்கவில்லை. கிளிஞ்சல் போன்ற கடல் உயிர்களை ஆராய 1877-ல் ஜப்பான் போன எட்வர்ட் மோர்ஸ், பானைகளையும் கோப்பைகளையும் சேர்க்கத் தொடங்கினார். 1882-ல் அவரோடு போன மருத்துவர் பிகலோ ஏழு வருடம் அங்கேயே தங்கி, பௌத்தராகி, படம், சிற்பம், வாள் என்று வாங்கிக் குவித்தார். அவர் கொடுத்த அச்சுப் படங்கள் மட்டும் 30,000-க்கு மேல். ஜப்பானியக் கலை அறிஞர் ஒககுரா ககுஸோ 1904-ல் பாஸ்டனுக்கு வந்து இதையெல்லாம் பார்த்து ஒழுங்குபடுத்தினார். (அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1917-ல், இதே அருங்காட்சியகத்தின் இந்தியப் பிரிவுக்கு வந்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி.)

இத்தனையும் கடல் தாண்டி வந்ததில் ஜப்பானியர்களுக்கு மனத்தாங்கல் இல்லாமல் இருக்குமா? 1932-ல், கிபி என்ற பழைய ஜப்பானிய அமைச்சரின் கதை சொல்லும் 12-ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருளை பாஸ்டன் வாங்கியபோது ஜப்பானில் பெரிய எதிர்ப்பு. அடுத்த வருடமே முக்கியக் கலைப்பொருள்கள் வெளியே போவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அவர்கள் கோபம் நியாயம்தான். என்றாலும் வாங்கியவர்கள் அவற்றை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதும் எனக்கு முக்கியம். அந்த வகையில் ஸ்பால்டிங் சகோதரர்களை நான் மதிக்கிறேன். தங்கள் பெயர் போட்ட பலகையோடு சுவரில் மாட்டச் சொல்லியிருக்கலாம். இருட்டுப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள்.

நீங்களும் பார்க்க நினைத்தால் ஒரு வழி சொல்கிறேன். இணையதளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் உண்டு. 11 என்று தொடங்கினால் பெரும்பாலும் பிகலோ கொடுத்தது, 21 என்று தொடங்கினால் ஸ்பால்டிங். சில படங்களுக்கு இரண்டு தொகுப்பிலும் பிரதி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, முதலில் ஊதாவைப் பாருங்கள். அப்புறம் தண்ணீரின் நீலம்.