தட்டு மட்டும் தனி, மாத்திரை எல்லாம் ஒன்றாக

சித்தப்பாவுக்கு ஒருவழியாக இடம் கிடைத்துவிட்டது, மூன்றாவது முதியோர் இல்லத்தில். வயது 71. எச்.ஐ.வி. உறுதியாகி 24 வருடம், ஒருநாள் மாத்திரை தவறியதில்லை. இடுப்பெலும்பு முறிந்த பிறகு தனியாகக் குளிக்க முடியவில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். இல்லம் தேடியது இடுப்புக்காக. இதை வரவேற்பு மேசைகளில் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

முதல் இல்லத்தில் காலி அறையைக் காட்டினார்கள். எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் மருந்துச் சீட்டைக் கொடுத்தேன். அதிலிருந்த எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர் என்ற பெயரைப் போனில் தேடிப் பார்த்தார் அந்த அம்மா. "இப்பத்தான் கவனிச்சேன் சார், அந்த ரூமுக்கு ஏற்கெனவே ஆள் வர்றாங்க." அடுத்த இடத்தில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். "மேனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை.

மூன்றாவது இடத்துக்குப் போகும் முன் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மருத்துவரிடம் கடிதம் வாங்கினேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. தொடுவதாலோ, ஒரே கழிவறையாலோ, பாத்திரத்தாலோ பரவாது. மற்றவர்களுக்குப் போடும் அதே கையுறை போதும் என்று தெளிவாக எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு போனால், கூட வைத்திருந்த ரிப்போர்ட் எட்டு மாதம் பழையதாம், ஆறு மாதத்துக்குள் வேண்டுமாம். மறுபடி ரத்தம், மறுபடி காத்திருப்பு, மறுபடி லீவு. ரிப்போர்ட் எத்தனை மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்த அன்றே அவர் ஃபைலில் சிவப்பு ஸ்டிக்கர். சாப்பாட்டுத் தட்டில் பெயிண்டால் பெயர். "பரவாயில்லடா, இந்த வயசுல என் தட்டை எவனும் திருடமாட்டான்" என்று சித்தப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையான ஆபத்து பத்தாவது நாள்தான் தெரிந்தது. எலும்புக்கு எழுதிய கால்சியத்தையும் டொலுடெக்ராவிரையும் காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், ஒரே கிண்ணத்தில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கால்சியம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும், உடம்பில் சேர விடாது. இரண்டையும் சாப்பாட்டோடு கொடுக்கலாம். இல்லையென்றால் டொலுடெக்ராவிரைக் கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ கொடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும், அலுமினியமோ மக்னீசியமோ உள்ள ஆன்டாசிட் என்றால் சாப்பாடும் காப்பாற்றாது, இடைவெளி விட்டே ஆக வேண்டும். கேட்டதற்கு நர்ஸ், "எல்லாருக்கும் ஒரே ரவுண்டுதான் சார்." தட்டைப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு மாத்திரையைப் பிரிக்கத் தெரியவில்லை.

மருத்துவரிடமே நேர அட்டவணை எழுதி வாங்கி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அதில் மாத்திரைப் பெயரும் நேரமும் மட்டும், நோயின் பெயர் கிடையாது. சுவரில் ஒட்டினால் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதன் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டொலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிவிடும்.

ஸ்டிக்கருக்காக எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். துப்புரவு செய்பவர் வரை விஷயம் தெரிந்திருந்தது என்பதையும் எழுதினேன். நான்காம் நாள் கிழித்துவிட்டார்கள், பசைத் தடம் மட்டும் இருக்கிறது. தட்டு இன்னும் தனிதான். திங்கட்கிழமை அதற்காகப் போகிறேன்.