செம்மண் கியூசு

இன்று ஜப்பானின் தொகொநாமே நகரின் மட்பாண்டக் கடை ஒன்றில், கியூசு எனப்படும் செம்மண் தேநீர்க் கெண்டி ஒன்றின் மூடியைக் கடைக்காரப் பெரியவர் மெல்லச் சுழற்றிக் காட்டினார். எங்கும் தட்டவில்லை, ஆடவில்லை.

சூளையிலிருந்து எடுத்த பிறகு மூடியையும் வாயையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவது இவ்வூர்க் குயவர்களின் வழக்கம்.

கைப்பிடி மூக்குக்கு ஏறக்குறையச் செங்கோணத்தில் பக்கவாட்டில் நீண்டிருப்பதால், ஒரே கையால் ஏந்தி, கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டு, மணிக்கட்டைச் சற்றே சாய்த்தாலே தேநீர் இறங்கிவிடுகிறது. உள்ளே, மூக்கின் அடியில், களிமண்ணிலேயே துளையிட்ட நுண்ணிய சல்லடை.

சென்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேநீருக்கு 70 டிகிரி வெந்நீரும் ஒரு நிமிடமும் போதும். ஆனால் கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். நீர் தேங்கினால் அடுத்த முறை கசக்கும்.

கியூசு வனையும் கலைக்காகவே இவ்வூர்க் குயவர் மூன்றாம் யமதா ஜோசானுக்கு 1998இல் ஜப்பான் அரசு ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற தகுதியை அளித்தது.

இத்தகைய கியூசுகளை வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மெருகு பூசாத இந்த மண், நாள்தோறும் கைபட்டால்தான் பளபளப்பு ஏறும். சோப்பு மட்டும் வேண்டாம். வெந்நீரில் அலசி, மூடியைத் திறந்து உலரவிட்டால் போதும்.