கதம்பை போகும் வழி

குமரி மாவட்டத்து ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை இங்கே எல்லா விளைக்காரர்களும், அதாவது தோப்புக்காரர்களும், பெருமையாகச் சொல்வார்கள். கதம்பையை, அதாவது தேங்காயின் நார்மட்டையைப் பற்றிக் கேட்டால், "அதை மில்லுக்காரன் ஏத்திட்டுப் போவான்" என்பதோடு சரி.

நாரைப் பிரித்தபின் மில்லில் மிஞ்சும் தூள், எடையில் நாரைவிட அதிகம். நார் கயிறாகவும் மிதியடியாகவும் போய்விடும். தூள் மலையாகக் குவிந்து, மழையில் ஊறி, பக்கத்துக் கிணற்றைக் கட்டன்சாயா நிறமாக்கும். கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். வருமானம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தன் எடையைப்போல் 5 மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருள், எங்கள் மணல் விளைக்கு அல்லவா முதலில் வேண்டும்?

தூளை மட்கவைக்காமல் பச்சையாகப் போடக் கூடாது. கரிமம், தழைச்சத்து விகிதம் அதில் ஏறக்குறைய 112:1. நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ள, வாழை மஞ்சளடிக்கும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும், அடுக்கடுக்காக. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் 2 மாதத்தில் கறுத்து, விகிதம் 24:1 அளவுக்கு இறங்கும்.

எங்க மாமா யூரியாவைத் தொடமாட்டார். கோழி எருவும் சாண எரிவாயுக் கலனின் குழம்பும்தான் அவர் குவியலுக்கு. அதே கலனின் எரிவாயுவில்தான் அத்தை சாயா போடுகிறாள். கொஞ்சம் மெதுவாகத்தான் மட்குகிறது, அவருக்கு அவசரமும் இல்லை.

மில்லிலிருந்து தூளை விளைக்குக் கொண்டுவர இப்போது இடிப்பது வண்டிக்கூலி மட்டும். நாலு விளைக்காரர்கள் சேர்ந்து ஒரு டெம்போ பிடித்தால் கட்டுப்படியாகும். ஆடி மாதத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்.