மரத்துக்கு ஒரு டம்ளர்

பட்டைய கீறினதும் வெள்ளையா துளித்துளியா கசியுது, ஒருத்தர் அத சின்னக் கரண்டியால வழிச்சு டப்பால போடறாரு. ஜப்பான்ல ஜோபோஜிங்கற ஊர்ல உருஷிங்கற மரத்துப் பால் (மரக் கிண்ணத்து மேல பளபளன்னு பூசறது இதத்தான்) எடுக்கற வீடியோ, இன்னைக்கு மதியம் பாத்தது.

10, 15 வருஷம் வளர்ந்த மரம். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் கீறிக்கீறி எடுத்தா மொத்தமே சுமார் 200 மில்லிதான், அப்புறம் மரத்தையே வெட்டிடறாங்க, அடிக்கட்டைல இருந்து மறுபடி துளிர்க்கும்.

200 மில்லி!

பச்சையா தோல்ல பட்டா அரிச்சுத் தடிச்சிடும், ஆனா கிண்ணத்து மேல பூசி இறுகிட்டா அந்தக் கிண்ணத்துலயே சுடச்சுட சூப் குடிக்கலாம். அது இறுகறதும் வெயில்ல இல்ல, ஈரக்காத்துல. அதுக்குன்னே ஈரமா வச்சிருக்கற அலமாரில வைக்கறாங்க, பால்ல இருக்கற ஒரு என்சைம் ஆக்சிஜன இழுத்து அத கெட்டியாக்கிடுது.

இந்தப் பூச்சு வேலைக்குப் பேர் போன வாஜிமாங்கற ஊர்ல இன்னும் பொறுமை. கிண்ணத்துல சுலபமா உடையக்கூடிய இடத்துல துணி ஒட்டி, சுட்டு அரைச்ச ஒரு வகை மண்ணக் கலந்து பூசி, தேய்ச்சு, திரும்பப் பூசி, இப்படியே நூறு வேலைக்கு மேல போகுது. 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்துலயும் அப்புறம் புடிச்ச தீயிலயும் அங்க நிறைய பட்டறை போயிடுச்சு. மனசு கேக்கல.

இவ்ளோ தெரிஞ்சப்புறம் அந்தக் கிண்ணம் விலை ஜாஸ்தின்னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியாது.

பழைய கோயில், பொக்கிஷக் கட்டடங்கள பழுது பாக்க உள்நாட்டு உருஷியத்தான் யூஸ் பண்ணணும்னு 2015ல ஜப்பான் அரசு முடிவெடுத்தது ரொம்ப சரி. ஆனா அதுக்கு இப்பவே கன்னு நடறவங்க வேணும், கீறக் கத்துக்க வர்ற பசங்களும் வேணும்.