சிஜேக்குப் பின்னால் ஏழு பேர்

2004-இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வீடியோ கேமை மூன்று வாரமாக முதல் மிஷனிலிருந்து மறுபடி ஆடி வருகிறேன். ரெஸ்பெக்ட்டை, அதாவது கேங்கில் கிடைக்கும் மதிப்பை ஏற்றி, கதாநாயகன் சிஜேக்குப் பின்னால் அவன் கேங் ஆட்கள் ஏழு பேரை நடக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. ஏழுக்கு மேல் ஆட்டமே விடாது.

முதல் வாரம் முழுக்கச் சுவர்தான்: எதிரி கேங்கின் எழுத்து மேல் நம் கேங்கின் பச்சையை ஸ்ப்ரே செய்வது. ஐந்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, அம்மா இறந்ததும் ஊர் திரும்புகிறவன் சிஜே. சொந்த அண்ணன் ஸ்வீட்டுக்கே அவன் மேல் கோபம். அந்த ஸ்வீட் கையில் ஸ்ப்ரே டப்பாவைக் கொடுத்து ஐடில்வுட் ஏரியாவுக்கு அழைத்துப்போகும் மிஷன் எனக்கு ரொம்பப் பிடித்தது. எதிராளியின் எழுத்துக்கு முன்னால் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், மெல்ல மெல்லப் பச்சை படர்கிறது. கதை தொடங்கும் ஊரான லாஸ் சான்டோஸில் இப்படி மொத்தம் 100 எழுத்துகள். திரை ஓரத்து மினிமேப் காட்டாது, தெருத்தெருவாக நடந்துதான் தேட வேண்டும். இதுவரை 63 முடித்திருக்கிறேன். ஊர் மனப்பாடமாகிவிட்டது.

இரண்டாம் வாரம் கேங் சண்டை. ஊதா நிற எதிரி கேங்கான பாலாஸ் ஏரியாவில் நடந்தே போய் மூன்று பேரையாவது வீழ்த்தினால் சண்டை தொடங்கும். மூன்று அலைகளைத் தாங்கினால் ஊதா இடம் பச்சையாகும். இரண்டு முறை தோற்றேன். கூட வந்தவர்கள் திறந்தவெளியில் நின்று குண்டு வாங்கினார்கள். மூன்றாம் முறை எச் விசையால் அவர்களைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, நான் மட்டும் முன்னே போனேன். எல்லாரும் பிழைத்தார்கள். ஆட்டத்துக்கு அவர்கள் வெறும் எண்தான், எனக்கு அது பெரிய நிம்மதி.

நம் ஆளையே சுட்டுவிட்டால் ரெஸ்பெக்ட் இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறி பார்த்து ஜி விசையை அழுத்தித்தான் ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதால், அவசரத்தில் விரல் தவற வாய்ப்பு அதிகம்.

நேற்று இரவு சிஜேயின் தெருவான குரோவ் ஸ்ட்ரீட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆரம்பத்தில் ஓரிருவருக்கு மேல் வராத அதே தெரு. ஐந்து, ஆறு, அப்புறம் பச்சைத் துண்டு கட்டிய ஏழாவது ஆளும் தலையாட்டிவிட்டு வந்தான். காரில் மூன்று பேர்தான் ஏற முடியும். மெயின் ரோட்டுக்குப் போய் ஒரு பஸ்ஸை நிறுத்தினேன். ஏழு பேரும் ஏறி முடிக்கும் வரை வண்டியை எடுக்கவில்லை.