கொழும்பில் ஓடியது, ஹட்டனில் நின்றது

ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தைச் சேர்க்கும் கொட்டகையில், நிறுக்கிற கணக்கையும் சிட்டையின் படத்தையும் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து சர்வருக்கு அனுப்ப, சி-யில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். தொடர்பைக் குறியாக்கி அனுப்ப ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிதான். கொழும்பில் என் அறையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு படம்கூடத் தவறவில்லை.

மடுவத்தில் மாட்டிய அன்று, பாதுகாப்பான தொடர்பைத் தொடங்கும் ஹேண்ட்ஷேக்கே முடியவில்லை. பிழை எண் 9, சர்வர் தான் யாரென்று காட்டும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லையாம். பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இரண்டு மாதம் பெட்டிக்குள் கிடந்தது, கடைசியாக அணைத்த தேதியிலேயே எழுந்திருக்கிறது, அதற்குள் சர்வரில் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டார்கள். "வெரிஃபை பண்றத நிறுத்திரு மச்சான்" என்றான் நண்பன், சான்றிதழைச் சரிபார்க்காமல் விடச் சொல்லி. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுகிற இடம் இது, அந்தக் கணக்கு யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் அனுப்புவதா? நேரம் சரியான பிறகே கனெக்ட் செய்யும்படி மாற்றினேன், அத்தோடு அது தீர்ந்தது.

அடுத்ததுதான் மூன்று நாளைத் தின்றது. கணக்கு போகிறது, படம் பாதியில் சாகிறது, லாக்கில் 'பேட் ரைட் ரிட்ரை' (மறுபடி எழுதிய விதம் தவறு) என்று ஒரே வரி. மழையில் சாக்கு மேல் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். நெட்வொர்க் இணைப்பான சாக்கெட்டை நான்-பிளாக்கிங்கில், அதாவது உடனே அனுப்ப முடியாவிட்டால் காத்திராமல் திரும்பிவிடும்படி, வைத்திருந்தேன். கொழும்பில் லைன் வேகம், அனுப்பக் காத்திருக்கும் தரவை வைக்கும் பஃபர் நிரம்பவே இல்லை. இங்கே மூடுபனி இறங்கினால் சிக்னல் ஒரு கோடு, பஃபர் நிரம்பி, தரவை அனுப்பும் ஃபங்ஷனான எஸ்எஸ்எல்_ரைட் 'வான்ட் ரைட்' (இடம் கிடைத்ததும் மறுபடி எழுது) என்று திரும்புகிறது. சாதாரண சென்ட் மாதிரி நினைத்து, படத்தை ரியலாக் செய்த (மெமரியில் அளவு மாற்றிய) வரிசையில் போட்டு அங்கிருந்து மறுபடி அனுப்பினேன். ஆனால் எஸ்எஸ்எல்_ரைட் ஏற்கெனவே ஒரு ரெக்கார்டை, அதாவது அதிகபட்சம் 16,384 பைட் தரவுத் துண்டை, குறியாக்கி அரைகுறையாக வெளியே தள்ளியிருக்கும். மெமரியில் அதே முகவரியில் அதே தரவோடு திரும்பி வந்தால்தான் மீதியை அனுப்பும். ரியலாக் முகவரியை மாற்றிவிட்டது, கொழும்பில் அந்த வரி ஒரு தடவைகூட ஓடியதில்லை!

எஸ்எஸ்எல்_மோட்_அக்செப்ட்_மூவிங்_ரைட்_பஃபர் என்ற நீளப் பெயரை செட் செய்தால் முகவரி மாறினாலும் விடும், தரவு மாறக் கூடாது. நான் அதையும் போட்டேன், படம் முழுதாகப் போகும்வரை பஃபரைத் தொடாமலும் வைத்தேன். அப்புறம் 'வான்ட் ரீட்' (முதலில் சர்வரிடமிருந்து வாசிக்க வேண்டும்) என்று வந்தால், சாக்கெட் தயாராகக் காத்திருக்கும் போல் ஃபங்ஷனில் வாசிப்புக்குக் காத்திருக்க வேண்டும், எழுதத்தானே போனோம் என்று எழுதவே காத்திருந்தால் அப்படியே தொங்கும்.

நேற்று அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம் சிக்னல் இரண்டு தடவை போய் வந்தது. கணக்கப்பிள்ளை எட்டிப் பார்த்து "போயிருச்சா தம்பி?" என்றார். பதினொரு நிமிடம் எடுத்தது, ஆனால் போய்விட்டது.